பொருநைக் கரையில் உயர்கல்வியும் ஆராய்ச்சியும்

பொருநை என்னும் தாமிரபரணி, பொதிகை மலையில் தோன்றிப் பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் வழியாகச் சென்று புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த ஆற்றின் கரையிலும் அதன் துணையாறுகளை ஒட்டியும் கலை, அறிவியல், மருத்துவம், சித்த மருத்துவம், சட்டம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், கல்வியியல் ஆகிய துறைகளுக்குக் கல்லூரிகள் உள்ளன. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்வது நீண்டகால வழக்கு. அப்பெயரை முதலில் சூட்டியவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை.

இப்பகுதியின் கல்வி வரலாற்றில் இரண்டு போக்குகள் இணையாக ஓடுகின்றன. ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகம் வகுத்த பாடத்திட்டத்தைப் பின்பற்றிய கல்லூரிப் படிப்பு. மற்றொன்று, இந்நிலத்தின் பாட்டு, மூலிகை, நெல், முத்து, புதைபொருள் ஆகியவற்றையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்ட முயற்சிகள். பின்னதில் கணிசமான பகுதி கல்லூரிக்கு வெளியே தொடங்கிப் பிறகே வகுப்பறைக்குள் வந்தது.

கல்லூரிகளுக்கு முன்

கல்லூரிகள் தோன்றுவதற்கு முன் இங்கு உயர்கல்வி மடங்களிலும் கவிராயர் வீடுகளிலும் நடந்தது. திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரரும் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவரும் இம்மரபோடு சேர்த்து எண்ணப்படுவோர். திருவாவடுதுறை ஆதீனத்துக்குக் கல்லிடைக்குறிச்சியில் கிளை மடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பத்துப்பாட்டுப் பதிப்புக்கு ஏடு தேடிய உ.வே. சாமிநாதையர், திருநெல்வேலியிலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர் வீடுகளின் கதவைத் தட்டினார். வீட்டுச் சுவடிகளாகச் சேர்ந்திருந்த இந்த அறிவுச் செல்வத்தை அறிய அவருடைய தன்வரலாறு முதன்மைச் சான்று.

மிஷன் பள்ளிகளும் முதல் கல்லூரிகளும்

இக்காலத்துக்குச் சான்றுகள் மிகுதி. மிஷன் சங்கங்கள் தம் ஊழியர்களிடமிருந்து கடிதங்களையும் ஆண்டறிக்கைகளையும் பெற்றுச் சேமித்ததே அதற்குக் காரணம்.

திருச்சபை மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1838இல் இறக்கும் வரை பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமையிலேயே பணியாற்றினார். உபதேசியார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி தரும் பள்ளியை நடத்தினார். ஆங்கிலேயர் தமிழ் கற்பதற்கு இலக்கண நூல் எழுதினார். 1832இல் அச்சான அவருடைய 'பூமி சாஸ்திரம்', தமிழில் வெளிவந்த தொடக்ககால அறிவியல் பாடநூல்களுள் ஒன்று. அதுவே முதலாவது என்று சொல்வாரும் உண்டு. அவருடைய பயிற்சிப் பள்ளியில் எல்லாச் சாதி மாணவரும் ஒன்றாக உண்ண வேண்டும் என்ற விதியால் பிணக்கு எழுந்ததாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் அதே கேள்வி சேரன்மாதேவியில் மீண்டும் எழுந்தது.

1840களில் மிஷனரி ஜி.யு. போப் சாயர்புரத்தில் ஒரு குருமாணவர் பள்ளியை வளர்த்தார். அங்கிருந்து கிளைத்த கல்லூரி, இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லின் முயற்சியால் 1883இல் தூத்துக்குடிக்கு மாறிக் கால்டுவெல் கல்லூரி எனப் பெயர் பெற்றது. அது நீடிக்கவில்லை. பள்ளி மட்டும் நிலைத்தது. கல்லூரிப் பதவி எதுவும் வகிக்காத கால்டுவெல்லே இப்பகுதியின் முதல் பெரிய ஆராய்ச்சியாளர் எனலாம். அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் 1856இலும் திருநெல்வேலி வரலாறு 1881இலும் வெளிவந்தன. கொற்கையில் அவர் குழி தோண்டிப் பார்த்த செய்தியும் பதிவாகியுள்ளது.

இன்றுள்ள கல்லூரிகளில் எது மூத்தது என்பது, எதைத் தொடக்கம் எனக் கொள்வது என்பதைப் பொறுத்து மாறும். திருநெல்வேலியில் 1860ஐ ஒட்டித் தொடங்கிய ஆங்கிலத் தமிழ்ப் பள்ளி 1878இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்து இந்துக் கல்லூரி ஆனது. பெரும் நன்கொடை அளித்தவரின் நினைவாகப் பின்னர் அதற்கு மதுரை திரவியம் தாயுமானவர் இந்துக் கல்லூரி என்று பெயர். பாளையங்கோட்டைத் தூய யோவான் கல்லூரியும் 1878ஐயே தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. அது முதலில் திருநெல்வேலி நகரில் இயங்கிப் பின் ஆற்றைக் கடந்து பாளையங்கோட்டைக்கு வந்தது. இரு கரைகளையும் இணைப்பது 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தச் செலவில் கட்டிய பாலம். இந்துக் கல்லூரிக்கும் பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்கும் எதிரெதிர்க் கரைகளிலிருந்து வந்த பல தலைமுறை மாணவர்களுக்கு இப்பாலமே வழி.

தொடக்கத்தில் இவ்விரு கல்லூரிகளும் இரண்டாம் நிலைக் கல்லூரிகள். பட்டப்படிப்புக்கு முந்திய எஃப்.ஏ. வரை மட்டுமே இங்கு படிக்க முடிந்தது. பி.ஏ. படிக்க விரும்பியவர் சென்னைக்கோ திருச்சிக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்றாக வேண்டும். படிப்பின் வகைகளும் குறைவு: ஆங்கிலம், இரண்டாம் மொழி, கணிதம், வரலாறு, சிறிது அறிவியல். இந்துக் கல்லூரிக்கு முந்திய பள்ளிக்கு 1870களின் பிற்பகுதியில் தலைமையாசிரியராக இருந்தவர் பெ. சுந்தரம் பிள்ளை. பின்னர் திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியரான இவர் 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதினார். இந்துக் கல்லூரியின் உயர்நிலைப் பள்ளியில் பாரதியும், கல்லூரியில் புதுமைப்பித்தனும் படித்தனர்.

பெண்களுக்கான உயர்கல்வியில் இப்பகுதி முந்திக்கொண்டது. பாளையங்கோட்டைச் சாராள் தக்கர் கல்லூரி 1895இல் தொடங்கியது. சென்னையின் முதல் மகளிர் கல்லூரியான ராணி மேரி கல்லூரி தோன்றியது 1914இல்தான். சாராள் தக்கர் இங்கிலாந்தில் வாழ்ந்தவர். சென்னையில் மிஷன் செயலராக இருந்த தம் தமையன் வழியாகத் திருநெல்வேலிப் பெண்களின் நிலையை அறிந்து, அவர்கள் கல்விக்குப் பணம் திரட்டியவர். அதே காலத்தில் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் பள்ளிகள் எழுந்தன.

1923இல் சேசு சபையினர் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியைத் தொடங்கினர். அப்போது திருநெல்வேலியில் கல்லூரிக்கு வெளியேயும் தமிழாய்வு சூடுபிடித்திருந்தது. தென்னிந்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் 1920இல் இங்குத் தோன்றியது. அதன் இதழான 'செந்தமிழ்ச் செல்வி' 1923 முதல் வெளிவந்தது. இந்த ஊர்களில் படித்து வழக்கறிஞர்களான பலர் தமிழாய்வுக்குத் திரும்பியது குறிப்பிடத்தக்கது. கா. சுப்பிரமணிய பிள்ளை, இராசவல்லிபுரத்துக்காரரான ரா.பி. சேதுப்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக 1926 முதல் 1936 வரை பணியாற்றிய எஸ். வையாபுரிப் பிள்ளை ஆகியோர் சட்டம் படித்தவர்களே. வண்ணார்பேட்டையில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டு வட்டத்தொட்டியில் கூடிய நண்பர்கள், பட்டமும் தேர்வும் இல்லாமல் கம்பனைப் படித்தனர்.

சேரன்மாதேவி குருகுலம்

வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிப் பின் சேரன்மாதேவிக்கு மாற்றிய தமிழ்க் குருகுலம், அரசுப் பாடத்திட்டத்துக்கு மாற்றாக எண்ணப்பட்ட தேசியக் கல்வி முயற்சி. காங்கிரஸ் இதற்கு நிதி அளித்தது. பிராமண மாணவருக்குத் தனிப்பந்தி இடப்பட்ட செய்தி வெளிவந்ததும் பி. வரதராசுலு நாயுடுவும் ஈ.வெ. இராமசாமியும் கடுமையாக எதிர்த்தனர். தனியே உண்டவர் எத்தனை பேர், ஐயரின் சொந்த நிலைப்பாடு என்ன என்பவற்றில் இரு தரப்பு எழுத்துகளும் வேறுபடுகின்றன. 1925இல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அவ்வாண்டு சூன் மாதம் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்றபோது உயிரிழந்தார். பொதுப்பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் வேறுபாடு காட்டலாகாது என்ற கொள்கை தமிழக அரசியலில் வேரூன்ற இந்நிகழ்வு பெரும் காரணம்.

தொழிற்கல்லூரிகளின் பெருக்கம்

விடுதலைக்குப் பின் படிப்பு வகைகள் பெருகின. பாளையங்கோட்டையில் சவேரியார் கல்வியியல் கல்லூரி 1950இலும் மகளிருக்கான இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரி 1957இலும் தொடங்கின. தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் கல்லூரி 1951இல் எழுந்தது. 1960களில் ஆழ்வார்குறிச்சி, குற்றாலம், திருச்செந்தூர் ஆகிய ஊர்களுக்கும் கலைக்கல்லூரிகள் வந்தன. குற்றாலத்துப் பராசக்தி மகளிர் கல்லூரி, கோயில் நிதியில் எழுந்த கல்லூரிகளுள் ஒன்று. சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971இல் தோன்றியது. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி 1965இலும் அரசு பொறியியல் கல்லூரி 1981இலும் அரசு சட்டக் கல்லூரி 1996இலும் தொடங்கப்பட்டன.

1964இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியைத் தனியே சொல்ல வேண்டும். அதுவரை குடும்ப வழியாகவும் ஆசான் வழியாகவும் கற்பிக்கப்பட்ட மருத்துவம் இங்குப் பட்டப்படிப்பாக வடிவம் பெற்றது. குணபாடம், நோய் நாடல், குழந்தை மருத்துவம், சிறப்பு மருத்துவம், நஞ்சு நூல் எனப் பாரம்பரிய அறிவைப் பிரித்து முதுகலைப் பிரிவுகளாக்கியபோது, சுவடிச் செய்யுள்கள் தேர்வுப் பாடங்களாயின. அகத்தியரோடு தொடர்புபடுத்தப்படும் பொதிகை மலையும் அதன் மூலிகைகளும் அருகில் இருந்தது இக்கல்லூரி இங்கு அமைந்ததற்குக் காரணம் என்று பலர் எழுதியுள்ளனர்.

நெல்லை ஆய்வுக் குழுவும் நாட்டார் வழக்காற்றியலும்

இவ்வாற்றங்கரை தமிழ் உலகுக்குத் தந்த தனித்துறை என்று நாட்டார் வழக்காற்றியலைச் சொல்லலாம். அதன் வளர்ச்சியில் பங்கேற்றவர்களே அதைப் பற்றி விரிவாக எழுதியிருப்பதால் இக்காலத்தின் செய்திகள் நிறையக் கிடைக்கின்றன.

நாங்குநேரியில் 1917இல் பிறந்த நா. வானமாமலை ஆசிரியப் பணியை விட்டு விலகிப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி வாழ்ந்தார். எந்தக் கல்லூரியின் பேராசிரியர் பட்டியலிலும் இடம்பெறாத அவரை ஊரார் பேராசிரியர் நா.வா. என்றே அழைத்தனர். 1964இல் அவர் தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' வெளிவந்தது. தாலாட்டு, ஒப்பாரி, உழவுப் பாட்டு எனப் பாடல்களைத் தொகுத்ததோடு, ஒவ்வொரு பாடலையும் சேகரித்தவர் யார், எந்த ஊரில் கிடைத்தது என்பதையும் பாடலின் கீழேயே அச்சிட்டார். சிற்றூர் ஆசிரியர்களும் இளைஞர்களும் ஆராய்ச்சி நூலொன்றில் பெயரோடு இடம்பெற்றது அதுவரை அரிது. பின்னர் கல்லூரிகளில் கள ஆய்வு என்று கற்பிக்கப்பட்ட முறையின் முதல் நெறி அந்தச் சிறு குறிப்புகளில் இருக்கிறது: பாட்டுக்கு ஊர் உண்டு, பாடியவர் உண்டு, கேட்டு எழுதியவரும் உண்டு.

1967இல் வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்தார். கல்லூரி ஆசிரியர்களும் கல்லூரிக்கு வெளியே இருந்தோரும் கூடிக் கட்டுரை படிப்பார்கள். விவாதம் நடக்கும். திருத்தப்பட்ட கட்டுரைகள், 1969 முதல் அவர் நடத்திய 'ஆராய்ச்சி' காலாண்டிதழில் அச்சாகும். வரலாறு, மானிடவியல், இலக்கியம், தத்துவம் ஆகியவற்றுக்கு இடையே வேலி போடாமல் அவ்விதழ் இயங்கியது. மார்க்சிய நோக்கு அதன் அடிப்படை. அந்நோக்கை ஏற்காதவர்களும் அதில் வெளிவந்த தரவுகளைப் பயன்படுத்தினர். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் பணியாற்றிய ஆ. சிவசுப்பிரமணியன் இக்குழுவில் உருவானவர்களுள் முதன்மையானவர். வாய்மொழி வழக்காறுகளைச் சமூக வரலாற்றுச் சான்றாகக் கையாளும் முறையை அவர் தொடர்ந்து வளர்த்தார்.

1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம், வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களை வரிசையாக வெளியிட்டது. வீரபாண்டியக் கட்டபொம்மு, கான்சாகிபு சண்டை, ஐவர் ராசாக்கள் கதை, முத்துப்பட்டன் கதை ஆகியவை அவற்றுள் அடங்கும். சந்தையில் மலிவு விலைக்கு விற்ற பெரியெழுத்துப் புத்தகங்களுக்கும் வில்லுப்பாட்டுக் கலைஞர்களின் ஏடுகளுக்கும் பல்கலைக்கழகப் பதிப்பு என்ற மதிப்பு அப்போதுதான் கிடைத்தது.

இவற்றுள் முத்துப்பட்டன் கதை தாமிரபரணி தோன்றும் மலைக்கே உரியது. பிராமண இளைஞனான முத்துப்பட்டன், சக்கிலியரான வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பித் தன் குலத்தைத் துறந்து மணக்கிறான். மாடு திருடியவர்களோடு நடந்த சண்டையில் அவன் இறக்க, மனைவியர் இருவரும் தீப்பாய்கிறார்கள். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் வளாகத்தில் மூவருக்கும் வழிபாடு உண்டு. ஆடி அமாவாசைக்கு அங்கே பெருங்கூட்டம் கூடும். அப்பெண்கள் பிறப்பால் பிராமணர் என்றும் காட்டில் கண்டெடுக்கப்பட்டவர்கள் என்றும் சில வடிவங்கள் கூறுகின்றன. அது பிற்காலச் செருகல் என்பது வானமாமலையின் முடிவு. சாதி கடந்த மணத்தை ஏற்க மனமில்லாதவர்கள் செய்த மாற்றம் என்று அவர் கருதினார். கதையின் காலம், மூல வடிவம் ஆகியவற்றில் கருத்து வேறுபாடுகள் உள்ளன. ஒரே கதையின் பல வடிவங்களை அருகருகே வைத்து, மாற்றம் யாருக்காக நிகழ்ந்தது என்று கேட்கும் ஆய்வுமுறையை இப்பதிப்பு தமிழ் மாணவர்களுக்குக் காட்டித் தந்தது என்பதில் ஐயமில்லை.

வானமாமலை 1980இல் மறைந்தார். அடுத்த கட்டம் தூய சவேரியார் கல்லூரியில் நிகழ்ந்தது. அங்குத் தமிழ்ப் பேராசிரியராக இருந்த தே. லூர்து, பிராப், ஆலன் டண்டிஸ் போன்றோரின் அமைப்பியல் கோட்பாடுகளைத் தமிழில் அறிமுகப்படுத்தினார். தொகுப்பதைத் தாண்டி வகைப்படுத்தவும் பகுத்தாராயவும் மாணவர்களைப் பழக்கினார். 1980களின் பிற்பகுதியில் ஃபோர்டு அறக்கட்டளையின் நல்கையுடன் அக்கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் உருவானது. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கொடை விழாக்கள், வழிபாடுகள் ஆகியவை ஒலிநாடாவிலும் ஒளிநாடாவிலும் பதிவாயின. முதுகலை வகுப்பும் முனைவர் பட்ட ஆய்வும் தொடர்ந்தன. இதே காலத்தில் அமெரிக்கரான ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் தென்கோடி மாவட்டங்களில் வில்லுப்பாட்டை ஆய்ந்து 1988இல் நூல் வெளியிட்டார்.

மார்க்சிய வரலாற்று நோக்குடைய நெல்லை ஆய்வுக் குழுவுக்கும் கோட்பாட்டு நோக்குடைய சவேரியார் மரபுக்கும் இடையே முரண் இருந்தது என்று சிலரும், ஒன்றன் தொடர்ச்சியே மற்றது என்று வேறு சிலரும் மதிப்பிடுகின்றனர். இரண்டிலும் நேரடியாகச் சேராமல் அவற்றின் பயனை அனுபவித்தவர் பாளையங்கோட்டைக்காரரான தொ. பரமசிவன். அழகர் கோயிலைப் பற்றிய அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு, ஒரு பெருங்கோயிலை அதைச் சூழ்ந்த மக்களின் சடங்குகள் வழியே படித்துக் காட்டியது. பல்கலைக்கழக ஆய்வேடொன்று பொது வாசகர்களால் விரும்பிப் படிக்கப்பட்டதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

நெல், முத்து, காந்தப்புலம்

அறிவியல் ஆராய்ச்சியிலும் நிலமே துறையைத் தீர்மானித்தது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937இல் தொடங்கியது. ஏ.எஸ்.டி. என்று ஊர்ப்பெயரைச் சுருக்கிச் சூட்டிய அதன் ரகங்களுள் 1986இல் வெளியான ஏ.எஸ்.டி. 16, குட்டையான பருத்த அரிசிக்குப் பேர்பெற்றது. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி 1980களில் எழுந்தது.

தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973இல் முத்துச்சிப்பியில் உருண்டை முத்தை வளர்ப்பதில் வெற்றி கண்டனர். 1981இல் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உருவாக்கினர். முத்துக்குளிப்பால் பெயர்பெற்ற கொற்கை இவ்வாய்வுக்கூடத்துக்கு வெகுதொலைவில் இல்லை. 1977இல் தூத்துக்குடியில் தொடங்கிய கல்லூரியில் மீன்வள அறிவு பட்டப்படிப்பாயிற்று.

புவியின் காந்த நடுக்கோடு தென்கோடித் தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. அதன் மேலே ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் வலுவான மின்னோட்டம் ஓடுகிறது. இதை ஆராய இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் அமைத்தது. அங்குள்ள ரேடார் 1990களின் தொடக்கத்தில் மேல்வளிமண்டலக் காற்றை அளக்கத் தொடங்கியது. சிற்பங்களுக்காக மக்கள் அறிந்த ஊரை அறிவியலாளர்கள் காந்தப்புலத்துக்காக அறிவர்.

பல்கலைக்கழகம்

1857 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சியிலும் 1966 முதல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சியிலும் இருந்த இப்பகுதிக்கு, 1990இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் கிடைத்தது. நெல்லையில் தலைமையாசிரியராக இருந்தவரின் நினைவாக அமைந்த இப்பெயர், நாடகத்தின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் ஒருங்கே தாங்குகிறது. வளாகம் அபிஷேகப்பட்டியில் உள்ளது. 1992 முதல் 1998 வரை துணைவேந்தராக இருந்த வே. வசந்தி தேவியின் காலத்தில் மனித உரிமைக் கல்வி பட்டப்படிப்பில் இடம்பெற்றது. குற்றவியல், தகவல் தொடர்பியல், சமூகவியல் போன்ற துறைகள் வளாகத்திலும், சுற்றுச்சூழல் அறிவியல் மையம் மலையடிவாரத்து ஆழ்வார்குறிச்சியிலும், கடல் அறிவியல் மையம் குமரிக் கடலோர இராஜாக்கமங்கலத்திலும் அமைந்தன. தொ. பரமசிவன் இங்குத் தமிழ்த்துறைத் தலைவராகப் பணியாற்றினார்.

மருத்துவம், சட்டம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம் ஆகியவை தனித்தனிப் பல்கலைக்கழகங்களின் கீழ் வருகின்றன. இதனால் ஒரே ஊரில் உள்ள சித்த மருத்துவக் கல்லூரியின் மூலிகை ஆய்வும் கலைக்கல்லூரித் தாவரவியல் ஆய்வும் இரு வேறு நிர்வாகங்களில் நடக்கின்றன.

அண்மைக்காலம்

2012இல் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் கல்லூரி மாணவர்கள் பங்கேற்கின்றனர். சுயநிதிக் கல்லூரிகள் பெருகியுள்ளன.

தொல்லியலில் ஏற்பட்டுள்ள மாற்றம் முதன்மையானது. ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான ஜாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தனர். கிடைத்த பொருள்கள் பெர்லினுக்கும் சென்னைக்கும் சென்றன. 2004இல் இந்தியத் தொல்லியல் துறை மீண்டும் அகழ்ந்தது. சிவகளையில் தமிழ்நாடு அரசு கண்டெடுத்த தாழியிலிருந்த நெல்மணிகளின் காலம் பொ.ஆ.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே நெல்லையில் பொருநை அருங்காட்சியகம் அமைக்கும் அறிவிப்பும் வந்தது. 2025இல் சிவகளையில் கிடைத்த இரும்புக்கு இன்னும் பழைய காலம் குறிக்கப்பட்டது. அதன் பொருள் பற்றி ஆய்வாளரிடையே விவாதம் தொடர்கிறது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இப்போது தொல்லியல் துறை உண்டு. நூற்றைம்பது ஆண்டுகளாக வெளியூரார் வந்து அகழ்ந்து எடுத்துச் சென்ற நிலத்தை, அந்த நிலத்துப் பிள்ளைகளே முறையாகப் படித்து ஆராயும் வாய்ப்பு இதனால் உருவாகியுள்ளது. சித்த மருத்துவமும் நாட்டார் வழக்காறும் வகுப்பறைக்குள் வந்த அதே வழியில் தொல்லியலும் வந்திருக்கிறது.